ராகத்தைக் கோப்புக்குள் எழுதுவது: சில குறிப்புகள்

'பைரவி' என்று தேடினால் ஆனந்தபைரவி வருகிறது, சிந்துபைரவி வருகிறது, வசந்தபைரவியும் நடபைரவியும் கூடவே வந்து நிற்கின்றன. தேடிய பைரவி நடுவில் எங்கோ இருக்கிறது. கணினியில் பாட்டுக் கேட்க உதவும் ஃபூபார்2000 போன்ற பிளேயர்களில் இதற்குத் தீர்வு உண்டு. 'இந்தச் சொல் எங்காவது இருந்தால் காட்டு' என்பதற்கு ஒரு கட்டளை, 'இந்தச் சொல் மட்டுமே இருந்தால் காட்டு' என்பதற்கு வேறொரு கட்டளை. ராகத்துக்கென்று தனி ஃபீல்டு வைத்து, அதில் ராகத்தின் பெயரைத் தவிர எதையும் எழுதாமல் இருந்தால் இரண்டாவது கட்டளை பிசகாமல் வேலை செய்யும். 'பைரவி ராகம்', 'பைரவி - ஆதி', 'ராகம்: பைரவி' என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தால் செய்யாது. ஒரு ஃபீல்டுக்கு ஒரு செய்தி. கோப்புக்குள் இப்படி விவரம் எழுதுவதன், அதாவது டேக் எழுதுவதன், மற்ற விதிகளெல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

*

எம்பி3 கோப்புக்குள் பாட்டு விவரம் எழுதும் ஐடி3 முறையை எரிக் கெம்ப் 1996இல் உருவாக்கினார். கோப்பின் வாலில் 128 பைட். தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு ஒன்று. மீதி மூன்று பைட் 'டேக்' என்ற அடையாளச் சொல்லுக்கு. இசைவகையைச் சொல்லால் எழுத முடியாது, எண்ணால்தான். முதலில் வந்த பட்டியலில் 80 வகைகள். போல்கா உண்டு, கர்நாடக சங்கீதம் கிடையாது.

அந்த 30 பைட்டில் தமிழ் எவ்வளவு கொள்ளும்? யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். மெய்ப்புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'சுப்புலட்சுமி' என்ற பெயருக்கு 13 குறியீடு, 39 பைட். எம்.எஸ். என்ற தலைப்பெழுத்துகளை விட்டுவிட்டால்கூட அந்தப் பெயர் அந்தப் பெட்டிக்குள் அடங்காது.

*

1998இல் ஐடி3யின் இரண்டாம் பதிப்பு வந்தபோது நிலைமை மாறியது. யாரும் தமக்கு வேண்டிய பெயரில் ஒரு ஃபீல்டை உண்டாக்கிக்கொள்ள அதில் இடம் வைத்தார்கள். பெயர் ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம். ஃப்ளாக், ஆக் என்ற ஒலிக்கோப்பு வகைகளில் இருக்கும் வோர்பிஸ் முறை இன்னும் எளிது: பெயர், சமக்குறி, மதிப்பு. அவ்வளவுதான். அதே பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. வோர்பிஸ் முறையில் மதிப்பு எந்த மொழியிலும் இருக்கலாம். ஃபீல்டின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்து, எண், சாதாரணக் குறிகளில்தான் இருக்க வேண்டும். ஆகவே 'ராகம்' என்ற ஃபீல்டு பெயரை ரோமன் எழுத்தில் ஒரே விதமாக எழுதிக்கொண்டு, அதற்குள் 'தோடி' என்று தமிழில் எழுதுவதே வழி. ரோமன் எழுத்திலும் ஒற்றை 'ஏ'யா இரட்டை 'ஏ'யா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். பாதிக் கோப்புகளில் ஒன்றும் மீதியில் மற்றொன்றும் இருந்தால், பிளேயருக்கு அவை இரண்டு வெவ்வேறு ஃபீல்டுகள்.

*

ஃபீல்டுகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசை எல்லாருக்கும் வரும். மனநிலை, பருவம், நேரம், கேட்ட இடம். ஒரு கேள்வியை முன்னால் வைத்துப் பார்த்தால் வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்துவிடும்: 'இதை வைத்து நான் எதையாவது தேடுவேனா?' தேடமாட்டேன் என்றால் அந்த ஃபீல்டு வேண்டாம். நிரப்பப்படாத ஃபீல்டு இல்லாத ஃபீல்டைவிட மோசம். பாதிக் கோப்புகளில் மட்டும் இருக்கும் விவரத்தை நம்பித் தேடினால் மீதிப் பாதி கண்ணிலேயே படாது.

கச்சேரிப் பதிவுகளுக்கு நான் வைத்திருப்பவை: ராகம், தாளம், வாக்கேயக்காரர், உருப்படி வகை, பக்கவாத்தியம், சபா அல்லது ஊர், பதிவு நாள், சுருதி, மூலம், முழுமை, ஐயம். கடைசி மூன்றைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அவைதான் அதிகம் பயன்படுகின்றன.

*

கௌளைச் சிக்கல்.

மாயாமாளவகௌளை, ரீதிகௌளை, கேதாரகௌளை, நாராயணகௌளை. இவற்றில் வரும் 'கௌ'வை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்கிறார்கள். 'க'வுக்குப் பின் ஔகாரக் குறியைச் சேர்ப்பது ஒன்று. 'கெ' எழுதி அடுத்து 'ள' எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு முதலாவது ஓர் எழுத்து, இரண்டாவது இரண்டு எழுத்து. ரீதிகௌளையின் பட்டியல் இரண்டாகப் பிளந்து கிடக்கும்; ஏன் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

'ஸ்ரீ'யிலும் இதே கதை. 'ஸ'வில் தொடங்கி எழுதப்படும் ஸ்ரீ ஒன்று. 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. ஸ்ரீ ராகம், ஸ்ரீரஞ்சனி இரண்டும் இதில் மாட்டும். 'தோ' என்ற எழுத்திலும் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். நல்ல மென்பொருள்கள் இதைத் தாமாகவே ஒன்றாக்கிக்கொள்ளும். ஆனால் 'கெள'வையும் 'ஸ்ரீ'யையும் அவை தொடாது, ஏனென்றால் யூனிகோடு விதிப்படி அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

செய்ய வேண்டியது எளிது. எல்லா ராகப் பெயர்களையும் ஒரு பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் அங்கே பிளவு இருக்கிறது. எம்பி3டேக் போன்ற மென்பொருளில் ஒரு மாற்று விதி எழுதிவைத்தால் ஒரே அழுத்தில் முழுச் சேகரிப்பையும் சரிசெய்யலாம். புதிய கோப்பு உள்ளே வரும்போதெல்லாம் அதே விதியை ஓடவிட வேண்டும்.

*

யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதிய டேக்குகள் தனிக்கூட்டம். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று எழுத்துருவுக்கு ஓர் ஏற்பாடு இருந்த காலத்தில் தமிழில் எழுதியவை இன்று புரியாத குறிகளாகத் தெரியும். பார்த்தவுடன் அழித்துவிடாதீர்கள். அவை குப்பை இல்லை. எந்த எழுத்துரு என்று கண்டால் மாற்றியில் போட்டு மீட்கலாம். பாமினியில் எழுதியது ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த கோவையாகத் தெரியும். யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் அதற்குள் இருக்கக்கூடும்.

*

ஒரே ராகத்துக்குப் பல பெயர். 51ஆவது மேளம் சிலருக்குக் காமவர்த்தனி, சிலருக்குப் பந்துவராளி, தீட்சிதர் மரபில் காசிராமக்ரியா. 57ஆவது சிம்மேந்திரமத்யமம், தீட்சிதர் மரபில் சுமத்யுதி. 56ஆவது சண்முகப்ரியா, அங்கே சாமரம். டேக்கில் ஒரு பெயரைத்தான் எழுத வேண்டும். மாற்றுப் பெயர்களைத் தனியாக ஓர் அட்டவணையில் வைத்தால் போதும்.

மேள எண்ணையும் அந்த அட்டவணையில்தான் வைக்க வேண்டும், பாட்டில் அல்ல. கல்யாணி 65 என்பது கல்யாணியின் குணம். நான் வைத்திருக்கும் ஒவ்வொரு கல்யாணிப் பதிவின் குணமும் அல்ல. அதைக் கோப்புதோறும் எழுதினால் எங்காவது ஓரிடத்தில் 56 என்று விழும். ராகத்துக்குரியது ராக அட்டவணையில், பாட்டுக்குரியது பாட்டில், அந்தப் பதிவுக்கு மட்டுமே உரியது பதிவில்.

*

ஒரே பெயருக்குப் பல ராகம் என்ற எதிர்ப்பக்கமும் உண்டு. இந்துஸ்தானித் தோடி நம் தோடி அன்று. அதன் சுரங்கள் நம் சுபபந்துவராளியோடு ஒத்துப்போகின்றன. இந்துஸ்தானி ஹிந்தோலும் நம் ஹிந்தோளமும் வேறு. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். இரண்டு மரபுகளையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள் 'சம்பிரதாயம்' என்று ஒரு ஃபீல்டு வைத்தே ஆக வேண்டும். அதற்கு இரண்டே மதிப்புகள் போதும்.

*

ராகமாலிகைக்கு என்ன எழுதுவது? சுவாதித் திருநாளின் 'பாவயாமி ரகுராமம்' செம்மங்குடி சீனிவாச ஐயர் அமைத்த மெட்டில் ஏழு ராகங்களில் போகிறது: சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்யமாவதி. 'ராகமாலிகை' என்று மட்டும் எழுதினால் முகாரி தேடுபவருக்கு இது அகப்படாது. ஏழையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு எழுதினால் அது எட்டாவதாக ஒரு விசித்திர ராகமாகப் பட்டியலில் நிற்கும்.

ராகம் என்ற ஃபீல்டையே ஏழு முறை எழுதுவதுதான் சரி. ஃப்ளாக் கோப்பில் இதற்கு முழு இடம் உண்டு. எம்பி3யில் பதிப்பைப் பார்க்க வேண்டும். ஐடி3 2.3இல் பாடியவர், இசையமைத்தவர் போன்ற ஃபீல்டுகளில் பல மதிப்புகளைப் பிரிக்கச் சாய்கோடு. பெயரிலேயே சாய்கோடு உள்ள ஏசி/டிசி என்ற ராக் குழுவை அது இரண்டாக வெட்டிவிடும். 2.4இல் பிரிப்புக்குத் தனிக் குறியீடு வந்தது. 'ராகமாலிகை' என்பதை ராகத்தில் எழுதாமல் உருப்படி வகையில் எழுதினேன். இப்போது முகாரி தேடினாலும் கிடைக்கிறது, ராகமாலிகை தேடினாலும் கிடைக்கிறது.

*

பெயர்கள். மேலை நாட்டு மென்பொருள்கள் சில எல்லாப் பெயரிலும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அதன்படி விட்டால் செம்மங்குடியும் அரியக்குடியும் மதுரை மணியும் 'ஐயர்', 'ஐயங்கார்' என்ற இரண்டு பைகளுக்குள் போய்விடுவார்கள். நம் ரசிகர்கள் 'அரியக்குடி' என்றுதான் சொல்கிறார்கள். வரிசையும் அப்படித்தான் இருக்க வேண்டும். இதற்காகவே 'வரிசைப் பெயர்' என்று தனி ஃபீல்டு பல முறைகளில் உண்டு. காட்டும் பெயர் ஒன்று, அடுக்கும் பெயர் ஒன்று.

தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா? எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மாற்றாமல் இருந்தால் போதும். 'எம்.எஸ். சுப்புலட்சுமி', 'எம். எஸ். சுப்புலக்ஷ்மி', 'எம்எஸ் சுப்புலெட்சுமி' மூன்றும் மூன்று பாடகிகள் ஆகிவிடக் கூடாது.

*

வாக்கேயக்காரர் ஃபீல்டு இல்லாமல் பொதுவாகத் 'தியாகராஜ' என்று தேடினால், தீட்சிதரின் ஆனந்தபைரவிக் கிருதி 'தியாகராஜ யோக வைபவம்' வந்து நிற்கும். அது திருவாரூர்ச் சுவாமியைப் பாடியது. தெய்வத்தின் பெயரும் இயற்றியவரின் பெயரும் ஒன்றாக இருக்கும் இசையில் ஃபீல்டு சொல்லித் தேடுவதுதான் ஒரே வழி.

வாக்கேயக்காரர் பெயர் இல்லாத கோப்பு கிடைத்தால் முத்திரையைக் கேட்டு எழுதலாம். குருகுஹ என்று வந்தால் தீட்சிதர், சியாமகிருஷ்ண என்று வந்தால் சியாமா சாஸ்திரி. சரணத்தின் கடைசி வரி வரைக்கும் கேட்க வேண்டும். பதிவு அங்கே வெட்டுப்பட்டிருந்தால் ஊகிக்காமல் விட்டுவிடுவது நல்லது.

*

நாள். கோப்பில் 'ஆண்டு 2003' என்று இருக்கிறது; பாடுபவர் ஜி.என். பாலசுப்பிரமணியம். அவர் மறைந்தது 1965இல். ஆக, 2003 என்பது யாரோ கேசட்டைக் கணினியில் ஏற்றிய ஆண்டு, அல்லது குறுந்தகடு வந்த ஆண்டு.

பாடியது, வெளியிட்டது, கணினியில் ஏற்றியது என மூன்று நாள்களுக்கு மூன்று ஃபீல்டு வேண்டும். பாடிய நாளைத் தெரிந்த அளவுக்கே எழுத வேண்டும்: ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டு; மாதம் தெரிந்தால் மாதம். ஜனவரி 1 என்று நிரப்பிவைத்தால் பின்னால் வருபவர் அதைத் தியாகப்பிரம்ம உத்சவத்துக்கு முந்திய கச்சேரி என்று கணக்குப் போட்டுக்கொள்வார். 

கலைஞர்களின் மறைவு ஆண்டுகளை ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962, அரியக்குடி 1967, மதுரை மணி ஐயர் 1968, பாலக்காடு மணி ஐயர் 1981, எம்.டி. ராமநாதன் 1984. ஒரு பதிவில் பெயரும் நாளும் மோதினால் இரண்டில் ஒன்று தவறு. நாள் ஏதும் தெரியாத கச்சேரிக்கும் 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்ற எல்லையை இந்த அட்டவணை கொடுத்துவிடும்.

*

பக்கவாத்தியம். பிளேயர்களும் பாட்டுச் செயலிகளும் பாடகர் பெயரோடு நின்றுவிடுகின்றன. நம் கச்சேரி அப்படிப்பட்டது இல்லை. வயலின் யார், மிருதங்கம் யார், கடம் உண்டா, கஞ்சிரா உண்டா என்பது கச்சேரியின் பாதி. வோர்பிஸ் முறையில் 'நிகழ்த்துநர்' என்ற ஃபீல்டைப் பலமுறை எழுதி, பெயருக்குப் பின் அடைப்புக்குள் வாத்தியத்தை எழுதலாம். ஐடி3 2.4இல் இசைக்கலைஞர் பட்டியலுக்கென்றே ஓர் இடம் உண்டு. இதை நிரப்பினால் சேகரிப்பு இன்னொரு பக்கமாகத் திறக்கும்: லால்குடி ஜெயராமன் பக்கம் வாசித்த கச்சேரிகள் எல்லாம் ஓரிடத்தில், பாடியவர் யாராக இருந்தாலும்.

விவரம் இல்லாத ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற மிருதங்க ஆசிரியர் ஒருவரிடம் போயிருந்தேன். தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் காட்டினேன்.

"சார், வாசிக்கிறது பழனியா?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தொப்பியில கும்கி விழறது அந்த மாதிரிதான் இருக்கு. ஆனா இது அவர் இல்ல தம்பி. மோராவுக்கு வர்ற வழி வேற. அவர்கிட்ட சொல்லிக்கிட்டவங்க யாராவது இருக்கும். பேரு போடாதீங்க. பழனி பாணின்னு போடுங்க."

அப்படியே போட்டிருக்கிறேன். மிருதங்கம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, ஐயம் என்ற ஃபீல்டில் 'பழனி பாணி. அவர் அல்ல என்று கேட்டவர் கருத்து' என்று எழுதினேன். பெயரை உறுதியாக எழுதியிருந்தால் அது நகல் நகலாகப் பரவி, சில ஆண்டுகளில் ஆதாரம் ஆகியிருக்கும்.

*

ஐயம் என்ற ஃபீல்டுக்கு இன்னோர் உதாரணம். தியாகராஜரின் 'எவரனி' கிருதியைச் சிலர் தேவாம்ருதவர்ஷிணி என்கிறார்கள், சிலர் நாதசிந்தாமணி என்கிறார்கள். இதில் தீர்ப்புச் சொல்வது டேக் எழுதுபவர் வேலை இல்லை. ராகத்தில் இரண்டையும் எழுதி, ஐயத்தில் 'பாடபேதம்' என்று ஒரு சொல் போட்டால் தேடுபவருக்கு இரண்டு வழியிலும் கிடைக்கும். அருணாசலக் கவியின் ராம நாடகப் பாடல்களைப் பாடகர்கள் வேறு வேறு ராகங்களில் எடுக்கும்போது நிலைமை வேறு: அங்கே நூலில் உள்ள ராகத்தை எழுதக் கூடாது, இந்தப் பதிவில் பாடப்படும் ராகத்தைத்தான் எழுத வேண்டும்.

*

தேவாரத்துக்குப் பண் என்று தனி ஃபீல்டு. ஓதுவார்கள் பாடுவதில் மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், தக்கேசி காம்போதியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும் ஒலிக்கின்றன. பண்ணை ராக ஃபீல்டுக்குள் திணிக்கக் கூடாது. பண் பதிகத்துக்குரியது, ராகம் பாடுபவர் கையாள்வது. இரண்டையும் எழுதினால் ஓதுவார் பாடிய நீலாம்பரியையும் சபாவில் பாடிய நீலாம்பரியையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். சேகரிப்பு வைத்திருப்பதன் சுகமே அதுதான்.

*

சுருதியை எண்ணாக எழுதுங்கள்: 1, 2.5, 4.5, 5. ஒரு கட்டை ஸி, இரண்டு டி, ஐந்து ஜி. பாடிப் பழகுபவர்களுக்குத் தம் சுருதியில் உள்ள பதிவுகளை எடுத்துக்கொள்ள இது உதவும். இதைவிடப் பெரிய பயன் வேறு.

பழைய கேசட்டுகள் ஒவ்வொரு டெக்கிலும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். வேகம் சுமார் 6 விழுக்காடு கூடினால் சுருதி ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். 45 நிமிடப் பக்கம் நாற்பத்திரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே பாடகரின் ஒரே காலத்துப் பதிவுகளைச் சுருதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒன்று மட்டும் அரைக் கட்டை மேலே நிற்கும். அந்தக் கேசட் வேகமாக ஓடியிருக்கிறது. குரல் மெலிந்து, பிருகாக்கள் செயற்கையாகத் தெறிப்பதும் அதனால்தான். வேகத்தைச் சரிசெய்தால் பாடகர் தம் குரலுக்குத் திரும்பிவிடுவார்.

*

முழுமை. சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். பிரதான உருப்படி நடுவில் பக்கம் முடிந்திருக்கும். திருப்பிப் போடுவதற்குள் நிரவலில் சில ஆவர்த்தனம் போயிருக்கும். 'முழுது', 'தொடக்கம் இல்லை', 'நடுவில் வெட்டு', 'முடிவு இல்லை' என்ற நான்கே மதிப்புகள். வேறொருவரிடம் அதே கச்சேரியின் நகல் கிடைக்கும்போது எந்தெந்த இடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று உடனே தெரியும்.

மூலம் என்ற ஃபீல்டும் இதனோடு சேர்ந்ததுதான்: வானொலி, சபா மைக், ரசிகர் கையில் வைத்திருந்த ரெக்கார்டர், கேசட்டிலிருந்து எடுத்த கேசட். 78 சுற்று இசைத்தட்டு என்றால் லேபிளில் உள்ள பட்டியல் எண்ணும், தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணும். ஒரு பாட்டை அதே பாடகர் இரண்டு முறை தட்டில் கொடுத்திருந்தால் பிரித்தறிய அந்த மேட்ரிக்ஸ் எண்தான் உதவும்.

*

நகல்களைக் கண்டுபிடிக்க அக்கூஸ்டிக் ஃபிங்கர்பிரிண்ட் என்ற ஒலி ஒப்பீட்டு முறை உண்டு. வணிக வெளியீடுகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. வேகம் மாறிய கேசட் நகல்களில் தடுமாறுகிறது. அங்கே காதும் டேக்கும்தான் துணை: பாடியவர், உருப்படி வரிசை, பக்கவாத்தியம் மூன்றும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அது ஒரே கச்சேரி, நாள் எப்படி எழுதியிருந்தாலும்.

*

சினிமாப் பாட்டு. ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயரை மட்டும் எழுதினால் 'ஆயிரத்தில் ஒருவன்' 1965உம் 2010உம் ஒரே ஆல்பமாகக் கலந்துவிடும். 'பில்லா' 1980, 2007. 'நினைத்தாலே இனிக்கும்' 1979, 2009. படப் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுவதே நிரந்தரத் தீர்வு.

இசையமைப்பாளர் பெயர்: 1965 வரை விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று இணைந்திருந்தவர்கள். 'விஸ்வநாதன்-ராமமூர்த்தி' என்று ஒரே மதிப்பாக எழுதினால் எம்.எஸ். விஸ்வநாதன் என்று தேடுபவருக்கு அந்தக் காலம் முழுவதும் மறைந்துபோகும். இருவரையும் இரண்டு மதிப்பாக எழுத வேண்டும்.

ராக ஃபீல்டு சினிமாவிலும் பயன் தருகிறது. 'கவிக்குயில்' படத்தில் (1977) பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளை. ராகம் எழுதியிருந்தால் அது கிருதிகளுக்கு நடுவே தானாக வந்து உட்காரும். ஆனால் மெல்லிசையில் ராகம் பல இடங்களில் சாயலாகத்தான் இருக்கும். உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்குச் 'சாயல்' என்று வேறு ஃபீல்டு வைத்திருக்கிறேன்.

*

தாளம் பற்றிச் சின்னக் குறிப்பு. ஆதி என்பது சதுச்ர ஜாதி திரிபுடையே. இலக்கணப் பெயரை எழுத வேண்டாம். யாரும் அப்படித் தேடமாட்டார்கள். இரண்டு களை என்பதைத் தாளத்தோடு ஒட்டாமல் தனியே எழுதுங்கள்.

*

டேக் கோப்புக்குள் இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் நாம் எழுதும் விவரத்தைத் தம் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கின்றன. நட்சத்திர மதிப்பீடு, கேட்ட எண்ணிக்கை போன்றவை பெரும்பாலும் அப்படித்தான். அந்த மென்பொருள் நின்றுபோனால், கணினி மாறினால், எல்லாம் போய்விடும். எழுதிய விவரத்தை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே தெரிந்தால்தான் அது கோப்புக்குள் இருக்கிறது.

வேவ் கோப்பில் டேக் நிலையாக நிற்காது; மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். ஒலித்தரம் குறையாமல் ஃப்ளாக்குக்கு மாற்றிவிட்டு அதில் எழுதுவதே நல்லது. ஃப்ளாக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒலிக்கு மட்டுமான எம்டி5 சரிபார்ப்பு எண் கோப்பின் தலையில் பதிவாகியிருக்கும். டேக்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் மாறாது. டேக் எழுதப்போய்ப் பாட்டு கெட்டுவிடுமோ என்று பயப்படுபவர்கள் அதை ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடையலாம்.

*

மொத்தமாக மாற்றும் முன் மூன்று காரியம்: பழைய டேக்குகளை உரைக் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். மாற்று விதியை ஒரு ஃபோல்டரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு முழுச் சேகரிப்பிலும் ஓட்டுங்கள். இணையச் சேமிப்பில் பேக்கப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஒரு சொல்லைத் திருத்தினாலும் பல சேவைகளில் முழுக் கோப்பும் மறுபடி மேலேறும். திருத்தங்களைச் சேர்த்துவைத்து ஒரேயடியாகச் செய்தால் இணையச் செலவு மிச்சம்.

*

தனியாகச் செய்வதைப் பொதுவில் செய்பவர்களும் இருக்கிறார்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் 'உருப்படி' வேறு, 'பதிவு' வேறு என்று பிரித்துவைக்கிறது. உருப்படிக்கு ராகம், தாளம் எழுத அதில் இடம் உண்டு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் ஷேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடக சங்கீத விவரங்களை அந்தத் தரவுத்தளத்தில் ஏற்றிப் பயன்படுத்தியது. வெளியான ஆல்பங்களின் விவரங்களை நாமும் அங்கே சேர்க்கலாம், திருத்தலாம். நம் ராகத்தையும் தாளத்தையும் அறிந்தவர்கள் அங்கே குறைவு.

*

வீட்டில் பழைய கச்சேரிக் கேசட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் ஏற்றும்போது 'சைடு ஏ', 'சைடு பி' என்று பெயர் வைத்து விட்டுவிடாதீர்கள். கேசட் அட்டையில் உள்ள கையெழுத்தை ஒரு படம் எடுத்துக் கோப்போடு சேருங்கள். அந்தக் கச்சேரியைக் கேட்டவர், அல்லது குரலையும் விரலையும் அடையாளம் சொல்லக்கூடியவர், பக்கத்தில் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். எல்லா ஃபீல்டும் வேண்டாம். பாடியவர், பக்கவாத்தியம், ராகம், தெரிந்த அளவுக்கு நாள். தெரியாததைத் தெரியாது என்று. ராகத்தைப் பின்னால் யாராவது கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். மிருதங்கம் வாசித்தவர் யார் என்பதை, சொல்லத் தெரிந்தவர் போன பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அதை முதலில் எழுதுங்கள்.